படம் ஏன் ஏறவில்லை?

பிஎச்பி பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். படிவத்தில் பெயர் போகும், முகவரி போகும், போன் நம்பர் போகும். படம் மட்டும் போகாது. திரையில் ஒரு பிழைச்செய்தியும் இருக்காது. மண்டை காய்ந்துவிடும்.

எங்கள் துறையில் உதவித்தொகைக்கு இப்படி ஒரு படிவம் உண்டு. எப்போதோ படித்துவிட்டுப் போன சீனியர் யாரோ எழுதியது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்த்தால், பல விண்ணப்பங்களில் புகைப்படம் இல்லை. படம் இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. ஜூனியர்களைக் கேட்டால், "அனுப்பிட்டேனே அண்ணா, 'நன்றி, கிடைத்தது'ன்னு வந்துச்சே" என்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் பார்க்க வேண்டியது படிவத்தின் தலைப்பகுதி. மெத்தட் 'போஸ்ட்' ஆகவும், என்க்டைப் 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' ஆகவும் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் உலாவி ஃபைலின் பெயரை மட்டும் அனுப்பும், ஃபைலை அனுப்பாது. இங்கே இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்து, யாருடைய படம் வந்திருக்கிறது என்று பார்த்தேன். ஸ்டூடியோவில் எடுத்து ஸ்கேன் செய்தவர்களின் படங்கள் வந்திருந்தன. போனில் எடுத்து அப்படியே அனுப்பியவர்களுடையது வரவில்லை. ஸ்கேன் படம் 200 கேபி, போன் படம் 4 எம்பி. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. $_ஃபைல்ஸ் அணியில் ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு பிழை எண் வரும். அதை அச்சிட்டுப் பார்த்தால் 1. அதாவது 'அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்' என்ற வரம்பைப் படம் தாண்டிவிட்டது. பிஎச்பியில் அது இயல்பாக 2 எம்பிதான்.

மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன். 0 என்றால் வெற்றி. 2 என்றால் படிவத்திலேயே வைத்த வரம்பு தாண்டியது. 3, பாதிதான் வந்தது. 4, ஃபைலே வரவில்லை. 6, தற்காலிக ஃபோல்டர் இல்லை. 7, வட்டில் எழுத முடியவில்லை. 8, ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் நிறுத்திவிட்டது. 5 என்று ஒன்று கிடையாது.

வரம்பை நிரலுக்குள் 'இனி_செட்' போட்டு உயர்த்த முடியாது. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே ஃபைல் வந்து சேர்ந்திருக்கும். பிஎச்பி.ஐஎன்ஐ-யில் மாற்றி, சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். எந்த ஐஎன்ஐ என்பதை 'பிஎச்பிஇன்ஃபோ' காட்டும். முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் அதற்குத் தனி வரம்பு, இயல்பாக 1 எம்பி. தாண்டினால் 413 வரும். இவ்வளவும் சரியாக இருந்தும் படம் வரவில்லையென்றால் ஃபோல்டரில் எழுதும் அனுமதியைப் பாருங்கள். அதற்காக 777 கொடுத்துவிடாதீர்கள், சர்வர் ஓடும் பயனருக்கு உரிமை கொடுத்தால் போதும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மாணவி வந்து வேறு மாதிரி சொன்னாள். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினாலும் "பெயரை நிரப்பவும்" என்றே திரும்பி வருகிறதாம். படத்தோடு சான்றிதழ்களையும் இணைத்திருந்தாள். மொத்தம் 8 எம்பிக்கு மேல். 'போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்' தாண்டினால் பிஎச்பி படத்தை மட்டுமல்ல, பெயரையும் சேர்த்தே கைவிட்டுவிடும். $_போஸ்ட், $_ஃபைல்ஸ் இரண்டும் காலி.

இரண்டு வரம்பையும் உயர்த்தினோம். படம் வராதவர்களின் நம்பர் இருந்ததால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொன்னோம். அவளும் அனுப்பிவிட்டாள். ஆனால் எரர் லாக்கில் அதே 8 எம்பி எச்சரிக்கை பல தடவை இருந்தது. அது அவள் மட்டும்தானா, வந்து சொல்லாமல் விட்டுவிட்டவர்களும் உண்டா? லாக்கில் பெயர் இருக்காது.

கோளாறின் வேர் 2 எம்பி இல்லை. 'மூவ்_அப்லோடட்_ஃபைல்' தோற்றால் 'ஃபால்ஸ்' என்று சொல்லும். அதைக் கேட்காமலே நிரல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் கணினி இல்லாமல் போனிலேயே நிரப்பியவர்கள்தான் அதில் அதிகம் சிக்கியவர்கள். பிழை எண்ணைப் பார்க்க நான்கு வரி போதும்: "படம் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பவும்" என்று தமிழில் ஒரு வாக்கியம். படிவம் எழுதும்போது நன்றியைக் கடைசியாக எழுதுங்கள்.