கேனில் வந்த தண்ணீரும் தரம் 3 பிள்ளைகளின் பல்லும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவர்கள், அதிலும் பால்மா கரைத்துக் கொடுக்கிறவர்கள், பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் மகளுக்கோ மருமகளுக்கோ வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்காமல் எழுதுகிறோம். யாரும் சிரிக்க வேண்டாம்.

எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள். மகளுக்குப் பிள்ளை கிடைத்து இப்போது நாலு மாதம். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டி வந்தது. தாய்ப்பால் குறைந்துவிட்டது. டொக்டர் சொல்லித்தான் பால்மா தொடங்கினோம். போத்தல், சூப்பி எல்லாம் அவித்து, கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, மிட்வைஃப் சொன்ன அளவு தப்பாமல் கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் குரல் பதிவு வட்ஸ்அப்பில் வரும் வரை.

"பைப் தண்ணியில புளோரைட் கலக்கிறாங்களாம் வாப்பா. பிள்ளைட மூளைக்குக் கூடாதாம். அமெரிக்காவுலயே தடை பண்ணிட்டாங்களாம்" என்று மகள் பயந்துபோய்ச் சொன்னாள். நாங்களும் கேட்டோம். பேசியவருக்கு நல்ல குரல், நடுநடுவே ஆங்கில வார்த்தைகள். படித்தவர்கள் என்று ஊரில் பெயர் எடுத்த நாங்கள், ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிட்டோம். பேரப்பிள்ளை விஷயம் என்றால் அப்படித்தான் போல.

உடனே ஒரு வழியும் கண்டுபிடித்தோம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், மச்சானுக்கு வயல் வாடி இருக்கிறது. அங்கே ஆழமான குழாய்க்கிணறு. தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், உவர் இல்லை, ஒரு மணமும் இல்லை. "இயற்கைத் தண்ணி, ஒரு மருந்தும் போடாத தண்ணி" என்று நாங்களே சொல்லி, கிழமைக்கு இரண்டு கேன் மண்முனைப் பாலத்தால் கொண்டுவர ஏற்பாடு செய்தோம். உம்மாவுக்குச் சரியான சந்தோசம். சின்ன வயதில் குடித்த தண்ணீரின் ருசி என்றார். மூன்று கிழமை, பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால் கரைத்தோம்.

நாலாவது கிழமை டவுனில் ஒரு கடையில் போனுக்கு உறை வாங்க நின்றபோது, உள்ளே நின்ற பொடியன் ஓடி வந்து "சேர், என்னைத் தெரியுதா?" என்றான். தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்தது. போருக்குப் பிறகு, 2010இல், எங்களில் ஒருவருக்குப் படுவான்கரையில் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. அப்போது பாலம் இல்லை. விடியக் காலை மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டும். (பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அந்தப் பாதைப் பயணத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறோம், நிறைய இருக்கிறது.) அந்தப் பாடசாலையில் தரம் 3இல் இருந்த பிள்ளை இவன். இப்போது நல்ல உயரம், நல்ல உடுப்பு, மரியாதையான பேச்சு. ஆனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடுகிறான்.

"இப்பவும் பல்லக் கேப்பீங்களா சேர்?" என்று பகிடியாகத்தான் கேட்டான். எங்களுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது.

அந்த வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்கு முன்பற்களில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடுகள் இருக்கும். இவனுக்கும் இன்னொரு பெண்பிள்ளைக்கும் மண்ணிறத் திட்டுகள். காலையில் வரிசையில் நிறுத்தி நகம், தலைமுடி, பல் பார்ப்பது அப்போது வழக்கம். "பல்லு விளக்கிறல்லையா?" என்று எல்லார் முன்னாலும் ஏசியிருக்கிறோம், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அந்தப் பெண்பிள்ளை கரியும் மணலும் போட்டுத் தேய்த்து முரசால் இரத்தம் வர வந்து நின்றாள். அந்த வருடக் கடைசியில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் வந்து பார்த்துவிட்டு, எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இது ஊத்தை இல்ல சேர். இது தண்ணி. இந்தப் பிள்ளைகள் ஒரு வயசு, ரெண்டு வயசுல குடிச்ச தண்ணி" என்றார். அப்போது தலையாட்டினோம். பிறகு மறந்துவிட்டோம்.

கடையில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அந்தப் பொடியனின் ஊருக்கும் மச்சானின் வாடிக்கும் இடையில் இரண்டு மைல் கூட இல்லை.

அன்றிரவே கேனை மூடி வைத்தோம். பிறகு செய்ய வேண்டியதை, முதலிலேயே செய்திருக்க வேண்டியதை, செய்தோம். வாசித்தோம், தெரிந்த டொக்டரிடம் கேட்டோம், வாடித் தண்ணீரிலும் எங்கள் குழாய்த் தண்ணீரிலும் ஒவ்வொரு போத்தல் எடுத்து ஆய்வுகூடத்தில் பணம் கட்டிப் பரிசோதிக்கக் கொடுத்தோம்.

முதலாவது, இலங்கையில் குழாய்த் தண்ணீரில் யாரும் புளோரைட் சேர்ப்பதில்லை. குளோரின் போடுகிறார்கள், அது கிருமிக்கு. இரண்டு பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால்தான் பாதிக் குழப்பம். மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் நமக்கு வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. குளத்துத் தண்ணீர் மழைத் தண்ணீர்தானே. பாறைக்குள் வருடக்கணக்காகக் கிடக்கும் தண்ணீரில் சேரும் அளவுக்கு அதில் புளோரைட் சேராது.

அமெரிக்கக் கதை பொய் அல்ல, ஆனால் அது அவர்களுடைய கதை. அங்கே 1945இல் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸ் என்ற நகரத்தில், பல் சூத்தையைக் குறைக்க, ஊர்த் தண்ணீரில் வேண்டுமென்றே புளோரைட் சேர்க்கத் தொடங்கினார்கள். இப்போது அவர்கள் பரிந்துரைக்கும் அளவு லீற்றருக்கு 0.7 மில்லிகிராம். அதை எதிர்த்து நீண்டகாலமாகச் சண்டை நடந்து, 2025இல் யூட்டா மாநிலமும் பிறகு புளோரிடாவும் சேர்ப்பதை நிறுத்தச் சட்டம் போட்டன. அதற்கு முதல் வருடம், 2024இல், அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் உள்ள தண்ணீருக்கும் பிள்ளைகளின் குறைந்த நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிகிறது, அதில் தங்களுக்கு நடுத்தர அளவு நம்பிக்கை இருக்கிறது என்று அது சொன்னது. 0.7 அளவு பற்றி முடிவு சொல்லத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. குரல் பதிவுக்காரர் இதை விட்டுவிட்டார்.

இதில் எங்களை உலுக்கிய விஷயம் வேறு. அந்த அறிக்கை பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை அல்ல. சீனா, இந்தியா, ஈரான் போன்ற நாடுகளில், நிலத்தடித் தண்ணீரிலேயே இயற்கையாகப் புளோரைட் உள்ள ஊர்களில் நடந்தவை. படுவான்கரை போன்ற ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக்காரன் கிணற்று ஊர்களைப் பார்த்துக் குழாய்க்குப் பயப்படுகிறான். நாங்கள் அவனைப் பார்த்துப் பயந்து, குழாயை விட்டுக் கிணற்றுக்கு ஓடியிருக்கிறோம்.

நம் நாட்டு நிலைமை புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க போன்றவர்கள் 1980களிலேயே இலங்கைக் கிணறுகளின் இரசாயனத்தை வரைபடமாக்கினார்கள். வடமத்திய மாகாணத்தில் புளோரைட் மிக அதிகம், கிழக்கின் உட்பகுதிகளிலும் சில இடங்களில் உண்டு. காரணம் பாறை. அபட்டைட், பயோட்டைட் போன்ற கனிமங்கள் உள்ள பழைய பாறைக்குள் தண்ணீர் நீண்ட காலம் தங்கினால், அதிலிருந்து புளோரைட் கரைந்து வரும். எழுவான்கரையில் நம் வீட்டுக் கிணறுகள் மணலில் தோண்டியவை, மழை இறங்கி நிற்கும் தண்ணீர். அவற்றுக்கு வேறு வருத்தங்கள் உண்டு: உவர், மலசலகூடக் குழி பக்கத்தில், சுனாமியில் கடல் புகுந்தது. ஆனால் பாறையைத் துளைத்து ஆழத்துக்கு இறக்கிய குழாய்க்கிணறு வேறு விதம். ஒரே வயலில் இரண்டு கிணற்றுக்கு இரண்டு அளவு இருக்கவும் கூடும். கண்ணாலும் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. உம்மா சொன்ன ருசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எவ்வளவு இருந்தால் கூட? உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 1.5. இலங்கைத் தரநிர்ணயம் 1.0. அதிலும் குறைவாக, 0.8 போதும் என்று 1992இல் நம் நாட்டுப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்த ஓர் ஆய்வு சொன்னது. நம் வெயிலில் ஆட்கள் கூடத் தண்ணீர் குடிப்பதால், 1.0க்குக் குறைந்த தண்ணீரிலும் பல்லில் கறை கண்டார்கள்.

இனிப் பிள்ளையின் கணக்கு. நாங்கள் கணக்கு படிப்பிக்கிறவர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். ஐந்து கிலோ பிள்ளை போத்தல் பால் மட்டும் குடித்தால் நாளைக்குச் சுமார் 750 மில்லிலீற்றர் குடிக்கும். 60 கிலோ ஆள் ஒருவர் அதே விகிதத்தில் குடிப்பதாக இருந்தால் நாளைக்கு 9 லீற்றர் குடிக்க வேண்டும். நம்மில் யார் குடிக்கிறோம்? அதனால் நமக்கு ஒன்றும் செய்யாத தண்ணீர், பிள்ளைக்கு நம்மைவிடப் பல மடங்கு. பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைக்கும்போது அதில் உள்ள புளோரைட் எல்லாம் பிள்ளையின் வயிற்றுக்குள்தான் போகிறது.

கொதிக்க வைத்தால் போகாதா என்று மகள் கேட்டாள். போகாது. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், அதை நிறுத்தவே கூடாது. ஆனால் புளோரைட் ஆவியாகப் போவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சத்தில் செறிவு கூடும். நாங்கள் "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்" என்று வற்ற விட்ட நாட்களை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது. துணியில் வடிப்பது, மண் பானையில் வைப்பது, வெயிலில் வைப்பது, ஒன்றும் பயன் தராது. ஆர்.ஓ. இயந்திரம் எடுக்கும். சுட்ட செங்கல் துண்டுகளுக்கூடாகத் தண்ணீரைக் கீழிருந்து மேலே செலுத்தும் ஒரு வடியை நம் நாட்டிலேயே நீர் வழங்கல் சபையைச் சேர்ந்த பத்மசிறி என்பவர் திசாநாயக்கவுடன் சேர்ந்து 1990களில் அறிமுகப்படுத்தினார். செங்கல்லை அடிக்கடி மாற்ற வேண்டும், அதுதான் கரைச்சல்.

பல்லுக்கு ஏன் இவ்வளவு நாள் கழித்துத் தெரிகிறது என்றால், நிரந்தர முன்பற்களின் எனாமல் பிறந்து சில மாதங்களிலேயே முரசுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஒன்று முதல் மூன்று வயது வரை அதற்கு முக்கியமான காலம். அந்தப் பல் வெளியே வருவது ஆறு, ஏழு வயதில். தரம் 2, தரம் 3. வெளியே வந்த பல்லில் அந்தக் கறை விளக்கினாலும் போகாது. நாங்கள் ஏசிய அந்தப் பொடியன், தொட்டிலில் கிடந்தபோது கொடுத்த தண்ணீருக்குத்தான் எட்டு வயதில் எங்களிடம் ஏச்சு வாங்கினான். உம்மாமார் யாரும் தெரிந்து கொடுக்கவில்லை. அந்த ஊரில் அப்போது வேறு தண்ணீர் இருக்கவும் இல்லை.

தாய்ப்பால் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. தாய் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும், அவள் பாலுக்குள் புளோரைட் மிக மிகக் குறைவாகவே இறங்குகிறது. தாயின் உடம்பே வடி போல நிற்கிறது. சுப்ஹானல்லாஹ். அல்-பகரா 233ஆவது வசனம் இரண்டு பூரண வருடங்கள் என்று சொல்வது நமக்குத் தெரியும். ஆறு மாதம் வரை தண்ணீரே தேவையில்லை என்பதையும் கிளினிக்கில் சொல்லித்தான் விடுகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் "வெயிலுக்குத் தொண்ட காயும், ஒரு கரண்டி தண்ணி குடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள், எங்கள் உம்மா உட்பட. பால் இல்லாமல் போத்தலுக்குப் போன தாய்மாரை இதைச் சொல்லிக் குத்த வேண்டாம். எங்கள் மகளும் அதில் ஒருத்தி, அவள் விரும்பிப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குப் பற்பசையை எல்லாம் குப்பையில் போட்டுவிடுவீர்கள். புளோரைட் அளவாகப் பல்லில் பட்டால் சூத்தையைத் தடுக்கும், பல் டொக்டர்மார் அதைச் சும்மா சொல்லவில்லை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு, துப்பப் பழக்குவது. அவ்வளவுதான். விளம்பரத்தில் காட்டுவது போல தூரிகை நிறைய வைக்க வேண்டாம்.

பரிசோதனை முடிவு போன கிழமை வந்தது. எங்கள் குழாய்த் தண்ணீர் அரை மில்லிகிராமுக்கும் குறைவு. வாடித் தண்ணீர் ஒன்றரையைத் தாண்டியிருந்தது. மூன்று கிழமையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, நீண்ட நாள் குடிப்பதுதான் பிரச்சினை என்று டொக்டர் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். மச்சானுக்கு அறிக்கையின் படத்தை அனுப்பினோம். அவர் முதலில் கோபப்பட்டார், "எங்கட வாப்பா காலத்துல இருந்து குடிக்கிறம்" என்றார். இரவு திரும்ப எடுத்து, வாடியில் காவல் இருக்கும் குடும்பத்துக்கு ஒன்றரை வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது, அதற்கு என்ன கொடுக்கிறது என்று கேட்டார். இப்போதைக்கு எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், அதே இரண்டு கேனில், அதே பாலத்தால் எதிர்ப்பக்கமாகப் போகிறது.

வாவிக்கு அந்தப் பக்கம் குழாய்க்கிணறு வைத்திருக்கிறவர்கள், அங்கே குத்தகைக்கு விட்டிருக்கிறவர்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் சின்னப் பிள்ளைகள் யாராவது இருந்தால், கழுவிய பிளாஸ்டிக் போத்தலில் ஒரு லீற்றர் எடுத்து, கிணறு இருக்கும் இடத்தை எழுதி ஒட்டிக் கொண்டுவந்து தாருங்கள். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் நிற்போம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பரிசோதிக்கக் கொடுப்போம், காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பொடியனிடம் மன்னிப்புக் கேட்கக் கடைக்குத் திரும்பப் போனோம். லீவாம். திங்கட்கிழமை நிற்பான் என்றார்கள்.