எங்க வீட்டுப் புளியமரம்



நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு. ஊர், கல்வராயன் மலை அடிவாரத்தில் சங்கராபுரம் பக்கம். எங்க கொல்லையில் ரெண்டு புளியமரம் நின்றது. மழைக்காலம் வந்தால் கொக்குகள் கூடு கட்டும். எச்சமும் மீன் நாத்தமும் தாங்காது. "ஒரு துணி காயப்போட முடியல"ன்னு அம்மா தினமும் புலம்புவாங்க.

போன வருஷம் எனக்கு ஃபீஸ் கட்டவேண்டிய நேரம். அப்பா ஒரு மரத்தை விறகு வியாபாரிக்கு விற்றுவிட்டார். மரம் சாய்ந்தபோது, இறகு முளைக்காத குஞ்சுகள் கூட்டோடு விழுந்து துடித்தன. நான் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன்? மறுநாள் அந்தப் பணத்தில்தான் ஃபீஸ் கட்டினேன்.

அதன் பிறகுதான் அஸ்ஸாமைச் சேர்ந்த உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மனைப் பற்றிப் படித்தேன். 2007-இல் காமரூப் மாவட்டத்தில் ஒருவர் தன் வீட்டு மரத்தை வெட்ட, ஹர்கிலா நாரைக் குஞ்சுகள் கீழே விழுந்து கிடந்ததை அவர் பார்த்தார். தட்டிக் கேட்டவரை ஊரார் கேலி செய்தார்கள். ஹர்கிலா ஐந்தடி உயரப் பறவை. செத்ததைத் தின்னும், கூட்டுக்குக் கீழே நிற்க முடியாது. எங்க அம்மா சொன்ன அதே புகார்தான்!

அவர் தன் பி.எச்.டி. ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த ஊர்ப் பெண்களைத் தேடிப் போனார். சமையல் போட்டி வைத்துக் கூட்டினார். கூடு கட்டும் நாரைக்கு வளைகாப்பே நடத்தினார்! பெண்கள் சேலையில் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்றார்கள்; கையில் காசு வந்தது. 'ஹர்கிலா படை' பிறந்தது. 2022-இல் அதில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள். தாதரா, பச்சாரியா, சிங்கிமாரி கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டின. அதே ஆண்டு ஐ.நா.வின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருதும் வந்தது.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். உகாண்டாவின் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா சிகுசோகா, 1996-இல் மலைக் கொரில்லாக்களுக்குச் சொறி நோய் வந்தது ஏன் என்று ஆராய்ந்தார். பக்கத்து ஊர் மக்களிடமிருந்து தொற்றியிருந்தது. 2003-இல் மக்களின் ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கவனிக்கும் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

நண்பர்களே, மெஷினில் சத்தம் வந்தால் தேய்மானம் எங்கேன்னு தேடச் சொல்லித்தானே நமக்கு ஒர்க்‌ஷாப்பில் கற்றுத் தருகிறார்கள்! இங்கே தேய்மானம் மரத்துக்குச் சொந்தக்காரன் வீட்டில். பறவை மேல் கோபமில்லை அவனுக்கு, கஷ்டம்தான்.

வளைகாப்புக் கதையைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம், "கொடியையாவது வேற பக்கம் மாத்திக் கட்டிக் குடுடா"ன்னாங்க. கட்டிக் கொடுத்தேன். அப்பா மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. என் முதல் சம்பளத்தை அவர் கையில் கொடுக்கிற வரைக்குமாவது அந்த இன்னொரு மரம் நிற்க வேண்டும்.