எண்பத்தேழில் ஒரு பங்கு

“தோழர், மாசத்துல மூணாவது ஞாயிறு மட்டும் உங்க போன் ஏன் எடுக்கவே மாட்டேங்குது?” என்று பயிற்சி முகாமுக்கு வந்த மாணவர் ஒருவர் கேட்டார். பொம்மை ரயில் விடப் போயிருப்பேன் என்றேன். நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். மனு, வழக்கு, மருத்துவமனை, காவல் நிலையம் என்று அலைகிறவன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விரல் நீளத் தண்டவாளத்துக்குத் துரு நிறம் பூசுகிறான் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். பொழுதுபோக்கு என்பதே நமக்கு ஆகாத ஒன்று என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓய்வும் விளையாட்டும் யாருக்கோ எழுதிவைத்த சொத்து அல்ல. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று அந்த மாடியில் நடப்பதைச் சொல்கிறேன்.

சென்னைப் புறநகரில் ஓர் உறுப்பினரின் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகைதான் எங்கள் சங்கம். மொத்தம் பதினொரு பேர். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வங்கி ஊழியர்கள், அச்சகக்காரர், பொறியியல் படிக்கும் இரண்டு பேர், ஒரு பல் மருத்துவர். தேய்ந்துபோன பல் குடையும் ஊசிகளைப் பல் மருத்துவர் டப்பா நிறையக் கொண்டுவருவார். பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டர் துளை போட அதைவிட நல்ல கருவி கிடையாது.

1980களின் நடுப்பகுதியில் இருந்த மீட்டர்கேஜ் ஜங்ஷன் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். பெயர்ப் பலகையில் ஊர்ப்பெயர் எழுதவில்லை. ஆனால் எல்லார் மனதிலும் இருப்பது விழுப்புரம். நாலடிக்கு இரண்டடிப் பலகைகளை ஆளுக்கு ஒன்றாக வீட்டில் செய்து எடுத்துவந்து கிளாம்ப் போட்டு இணைப்போம். உன் பலகைக்குள் நீ வயல் வைப்பாயோ, ஆறு வைப்பாயோ, உன் இஷ்டம். ஓரத்தில் மட்டும் தண்டவாளம் எல்லாருக்கும் ஒரே இடத்தில் வந்து முடிய வேண்டும்.

அளவு 1/87. உண்மையில் 87 அங்குலம் இருப்பது இங்கே ஓர் அங்குலம். ஐந்தரை அடி ஆள் 19 மில்லிமீட்டர் ஆகிவிடுவார். மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். கடையில் கிடைப்பது சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். அந்த அரை மில்லிமீட்டர் சரியா தப்பா என்று இரண்டு பேர் ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

நம் மீட்டர்கேஜ் ரயில்கள் அந்த அளவில் கடையில் கிடைக்காது. பெட்டிகளை ஸ்டைரீன் ஷீட்டில் வெட்டி ஒட்டுகிறோம். எஞ்சினின் சின்னச் சின்னப் பாகங்களைக் கல்லூரிப் பெண் ஒருவர் முப்பரிமாண அச்சில் எடுத்துத் தருகிறார். ஜல்லிக்குக் குவாரித் தூசியைச் சலித்துத் தூவி, ஃபெவிகாலில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டும் கலந்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காது, மேலேயே உருண்டு நிற்கும். வேலிமரங்களுக்குப் பூந்துடைப்பத்தின் பூ. இவையெல்லாம் கைவேலை. கைவேலை செய்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு இது சட்டென்று படிந்துவிடும். என் பாட்டி கூடை முடைந்தவர். எனக்குப் பொறுமை அவரிடமிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சேர்ந்த முதல் நாள் பெரியவர் கேட்டார், “அப்பா ரயில்வேயா? எந்த டிபார்ட்மென்ட்?” இன்ஜினியரிங் என்றேன். “என்னவா இருந்தார்?” கேங்மேன் என்றேன். ஒரு நொடி யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு டீ வந்தது.

அந்த மாடியில் ஒய்.பி. எஞ்சினின் சக்கர அமைப்பு 4-6-2 என்பதும் சரக்கு இழுக்கும் ஒய்.ஜி. 2-8-2 என்பதும் குழந்தைக்கும் தெரியும். எந்த எஞ்சின் டெல்கோவில் செய்தது என்று புகைப்படத்தைப் பார்த்தே சொல்வார்கள். ஆனால் கீமேன் என்ன செய்வார் என்று கேட்டதற்குப் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் பதில் தெரிந்திருந்தது. அவரும் ரயில்வேக்காரர். தினமும் விடிந்ததும் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறி வெடிக்கும் டெட்டனேட்டர், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு தன் பகுதி முழுக்க நடந்து, கழன்ற சாவிகளை அடித்து இறுக்கிக்கொண்டே போகிறவர் கீமேன். வெயிலோ மழையோ நடந்தாக வேண்டும். அப்பா ஒன்பது வருடம் அப்படி நடந்தார்.

அவரை ஒரு ஞாயிறு அழைத்துப் போனேன். எஞ்சினை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து ஜல்லியைப் பார்த்தார். “ஷோல்டர் பத்தலையே” என்றார். ஸ்லீப்பர் கட்டையின் நுனியைத் தாண்டி இரண்டு பக்கமும் ஜல்லி தோள்போல நிற்க வேண்டும், அது இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் தண்டவாளம் நீண்டு பக்கவாட்டில் பாம்புபோல நெளிந்துவிடும் என்று விளக்கினார். இரண்டு தண்டவாளம் சேரும் இடங்களையும் எண்ணினார். மீட்டர்கேஜில் தண்டவாளத்தின் வழக்கமான நீளம் 12 மீட்டர், அதாவது எங்கள் அளவில் 138 மில்லிமீட்டருக்கு ஒரு மூட்டு வர வேண்டும். நாங்கள் மூட்டே காட்டாமல் நீளமாக விட்டிருந்தோம். அச்சகக்காரர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் எழுந்து நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்தி, “உட்காருங்க” என்றார். அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பெரியவர் செய்த பலகையில் ஒரு தள்ளு டிராலி இருக்கிறது. நான்கு சின்னச் சக்கரம், நடுவில் பெஞ்ச், பெஞ்சில் குடை பிடித்த அதிகாரி. பின்னால் இரண்டு பேர் தண்டவாளத்தின் மேலேயே கால் வைத்து ஓடித் தள்ளுகிறார்கள். ஏழு சென்டிமீட்டர் பரப்புக்குள் நம் சமூகத்தையே வைத்துவிட்டீர்கள் என்று ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஓடறவங்க காலைத்தான் ரொம்ப நாள் செஞ்சேன். செருப்பு போடலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அப்போ பாதிப் பேர் போட்டிருக்க மாட்டாங்க” என்றார். மனிதர்களைப் பற்றி அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றும் இடங்களில் அந்தக் கொட்டகையும் ஒன்று.

சண்டை வந்தது முதல் பிளாட்பாரத்தில்.

மாடல் செய்கிறவர்கள் பழசாக்குதல் என்று ஒரு வேலை செய்வார்கள். புது பெயின்ட் பளபளப்பாக இருந்தால் அது பொம்மை. எஞ்சின் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை, பிரேக் கட்டை தேய்ந்து படியும் பழுப்புத் தூசி, சாம்பல் கொட்டும் குழியில் நிஜச் சாம்பல், சுவரில் வெற்றிலை எச்சில், எல்லாம் வர வேண்டும். வங்கி நண்பர் ஒருவர் தண்ணீர்த் தூணுக்கு அடியில் படியும் பாசிக்கு மட்டும் மூன்று வகைப் பச்சை கலந்தார். அத்தனையும் செய்த பிறகு, பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் தளம் மட்டும் துடைத்துவைத்த சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

அந்தத் தளம் எதற்காக? ரயில் கழிப்பறைகள் அப்போது நேரே கீழே திறந்தவை. நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிவைத்திருப்பார்கள், பயன்படுத்துவார்கள். ஜல்லியில் விழுந்தால் கழுவ முடியாது என்றுதான் கான்கிரீட் போட்டார்கள். கழுவ முடியும் என்றால், கழுவ ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கள் ஜங்ஷனில் இல்லை. டீ விற்கிறவர், போர்ட்டர், பச்சைக்கொடியோடு கார்டு, பெட்டி மேல் உட்கார்ந்த கல்யாணக் கோஷ்டி, தண்டவாளத்தைக் கடக்கும் ஆடு வரைக்கும் இருந்தது.

மூன்று பேரை வைக்க வேண்டும் என்றேன். குழாய் பிடிக்க ஒருவர், தள்ளிவிட இருவர்.

எதிர்ப்பு முரட்டுத்தனமாக வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கண்காட்சிக்குக் குழந்தைகள் வருவார்கள் என்றார் ஒருவர். அழகுக்காகச் செய்கிறோம், பிரச்சாரத்துக்கு வேறு மேடை இருக்கிறதே என்றார் இன்னொருவர். அழகுக்கு என்றால் வெற்றிலை எச்சிலை எதற்கு மூன்று நாள் உட்கார்ந்து துப்பினீர்கள் என்று கேட்டேன். பொறியியல் மாணவர் புத்திசாலித்தனமான வழி ஒன்று சொன்னார்: காலத்தையே மாற்றிவிடலாம், இன்றைய நிலையமாக ஆக்கிவிட்டால் பெட்டிகளில் உயிரிக் கழிப்பறை வந்துவிட்டது, இந்தக் கேள்வியே எழாது. நல்ல பையன். ஆனால் பாருங்கள், ஓர் ஆளை வைக்காமலிருக்க நாற்பது வருடத்தைத் தாண்டத் தயாராக இருந்தோம்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 2(1)(ஜி)-ஐ எடுத்துப் படியுங்கள். யார் கையால் மலம் அள்ளுபவர் என்ற வரையறையில் ரயில் பாதை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள விளக்கத்தையும் படியுங்கள். அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடைகளோடும் செய்தால் அவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். முன்வாசலில் உள்ளே அழைத்துப் பின்வாசலில் வெளியே அனுப்பும் வேலை இது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டவாளங்களில் இதை ஒழிக்க ரயில்வே காலவரையறையோடு வழிவகுக்க வேண்டும் என்றது. நீதிமன்றம் சொல்லித்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்த ஆட்கள், பொம்மை நிலையத்தில் காணாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

கடைசியில் சமரசம்: ஒரே ஓர் ஆள். வாக்கெடுப்பில் ஏழுக்கு நாலு.

செய்வதே தனிக் கதை. இந்த அளவில் கடையில் கிடைக்கும் மனிதர்கள் ஜெர்மன்காரர்கள். தொப்பி, கோட்டு, கையில் பெட்டி. ஒரு பெண் உருவத்தை எடுத்துப் பாவாடையைச் சீவி, முழங்காலில் வெட்டிக் கொஞ்சம் மடக்கி, இடுப்பை வளைத்தேன். டிஷ்யூ காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் புடவை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகக் குண்டூசி வேண்டியிருந்தது. பழைய பிரஷ்ஷின் நாலைந்து மயிர் துடைப்பம். மொத்த உயரம் 17 மில்லிமீட்டர். முகத்தில் கண் வரைய இடமில்லை. “இதுல சாதி எங்கே இருக்கு, யாரோ ஒரு தொழிலாளிதானே?” என்று வங்கி நண்பர் உண்மையாகவே கேட்டார். பொம்மையில் இல்லைதான். பார்க்கிறவர்கள் யாரும் சந்தேகம் கேட்கிறார்களா என்று கவனியுங்கள் என்றேன்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட அரங்கில் இரண்டு நாள் நடந்தது. கூட்டம் எஞ்சின் பின்னாலேயே ஓடியது, அது இயல்பு. ஆட்டைக் கண்டுபிடித்த பிள்ளைகள் கத்தினார்கள். ஒரு பையன் கான்கிரீட் தளத்தைக் காட்டி, “அந்த அம்மா ஏன் உள்ள இறங்கியிருக்காங்க, ரயில் வந்துருமே?” என்று கேட்டான். அவன் அப்பா, “அவங்க வேலை அது” என்று சொல்லி நகர்த்திக்கொண்டு போனார். எங்கள் வங்கி நண்பர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அரங்கத்தைப் பெருக்க வந்த அம்மா ஒருவர் மேசை ஓரமாக நின்று வெகுநேரம் பார்த்தார். ரயிலை ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தார். “ஒத்தையா விட்டிருக்கீங்களே” என்றார். “தண்டவாளத்துக்கு யாரும் ஒத்தையா இறங்க மாட்டாங்க சார். ஒருத்தர் வண்டி வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். என் நாத்தனார் அங்கதான் இருந்தா.”

தள்ளு டிராலிக்கார பெரியவர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பின்னால் நின்றிருந்தார். “கேங்கிலும் அப்படித்தான். பார்க்க ஓர் ஆள் போடணும்” என்றார். அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, இது பாதுகாப்பு விஷயம் என்று பேசினார். என் வாதங்கள் எதற்கும் அசையாதவர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். எந்த வாசல் திறக்கிறதோ அந்த வாசலில் நுழைவோம், எனக்கு அதில் மானப் பிரச்சினை கிடையாது.

இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். குழாய்க்குச் செப்புக் கம்பி. மூன்றாமவர் பிளாட்பார விளிம்பில் நின்று, கையை நெற்றியில் வைத்து வண்டி வரும் திசையைப் பார்க்கிறார். அவரைப் பல் மருத்துவர் செய்தார், என்னுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது. தளத்துக்கு வேண்டிய நிறத்தை அந்தப் பாசி நிபுணரே கலந்து தந்தார்.

மிச்சம் இருப்பது அட்டை. கண்காட்சியில் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை வைப்போம்: எஞ்சின் வகை, சக்கர அமைப்பு, செய்த ஆலை. டிராலிக்கும் கீமேனுக்கும்கூட அட்டை உண்டு. இந்த மூன்று பேருக்கு என்ன எழுதுவது என்று இரண்டு கூட்டமாகப் பேசுகிறோம். ரயில்வே பதிவேட்டில் அந்தப் பணிக்கு அன்றிருந்த பெயர் சஃபாய்வாலா. பிளாட்பாரத்தில் அவர்களைக் கூப்பிட்ட பெயர் வேறு. தூய்மைப் பணியாளர் என்று போடலாம் என்கிறார் மாணவர். 1985-இல் அப்படி யாரும் அழைக்கவில்லை, மாடல் என்றால் காலம் சரியாக இருக்க வேண்டும் என்கிறார் அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போட்டவர். நான் இன்னும் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. அந்த அம்மாவின் நாத்தனாரை விசாரித்து வருவதாகப் பல் மருத்துவர் போயிருக்கிறார்.