ஹச்சிக்கோவும் நான் சொல்லாமல் விட்ட கதையும்



ஆண்டுதோறும் நான்காம் ஆண்டு வகுப்பில் ஹச்சிக்கோவின் கதையை நான் சொல்லி வந்திருக்கிறேன். தோக்கியோவில் வேளாண்துறைப் பேராசிரியராக விளங்கிய உவேனோ என்பார் 1924ஆம் ஆண்டில் அந்நாயை வளர்க்கத் தொடங்கினார். மறு ஆண்டு மே மாதத்தில் திடீரெனக் காலமானார். ஷிபுயா தொடர்வண்டி நிலையத்தில் அவர் வரவை எதிர்நோக்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்த அந்நாய், 1935ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள் உயிர் நீத்தது. இவ்விடம் வரும்போது பின்வரிசைக் குறும்பர்களும் வாய் திறவார். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

அக்கதையைக் கேட்டு வளர்ந்த மாணவன் ஒருவன், தலைநகரில் வேலைக்கு அமர்ந்ததும் அதே அக்கித்தா இனக் குட்டி ஒன்றை விலைக்கு வாங்கினான். அடுக்குமாடி வீட்டில் அது வளர்வதற்கு இடம் போதவில்லை. நம் தோட்டத்தில் வாழும் தன் பெற்றோரிடம் விட்டுச் சென்றான்.

நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால், கரடிக்குட்டி போன்ற முகம். ஆண் நாய் தோள்வரை 67 சென்டிமீட்டர் உயரம் வளரும் இனம் அது. ஜப்பானின் வடபகுதியிலுள்ள அக்கித்தா மாநிலமே அதன் தாயகம். பனி மூடிய அம்மலைகளில் மத்தாகி எனப்படும் வேடர்கள், கரடி வேட்டைக்கு அதன் முன்னோரை அழைத்துச் செல்வர். 1931ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அவ்வினத்தை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. பனிக்கென அமைந்த ஈரடுக்கு உரோமத்தோடு அது நம் செம்பனைக் காட்டு வெயிலுக்கு வந்து சேர்ந்தது!

"முடியை மழித்துவிடுங்கள், வெயிலுக்கு இதமாக இருக்கும்" என்று யோசனை சொன்னவன் நானேதான். தலைமையாசிரியர் சொல்லாயிற்றே, உடனே செய்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, நண்பகலில் அந்தத் தாயார் பள்ளிக்கு ஓடிவந்தார். "ஐயா, நாய் விழுந்து கெடக்குதுங்க, மூச்சு வாங்குது!" என்றார். தண்ணீர் ஊற்றி நனைத்து, கிராணியாரின் வண்டியில் பட்டணத்து விலங்கு மருத்துவரிடம் கொண்டு சென்றோம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது.

உரோமம் குளிரை மட்டுமன்றி வெயிலையும் தடுக்கும் என்றும், அதை ஒருபோதும் மழிக்கலாகாது என்றும் மருத்துவர் விளக்கினார். உதிரும் அடிமுடியைச் சீப்பால் வாரி எடுக்க வேண்டும். பொழுது புலருமுன்னும் இருட்டிய பின்னும்தான் நடக்க அழைத்துச் செல்ல வேண்டும். பகலில் நிழலும் குளிர்ந்த நீரும் வேண்டும். கொசுவால் பரவும் இதயப்புழு நோய்க்கு மாதந்தோறும் மாத்திரை தரவேண்டும். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த ஹச்சிக்கோவின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்தவர்கள், அதற்குப் புற்றுநோயோடு இப்புழுவும் இருந்ததென 2011ஆம் ஆண்டில் தெரிவித்தனர். இதனை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

அதன் குணமும் எங்களுக்குப் புதிதாகவே இருந்தது. வீணாகக் குரைக்காது. அந்நியரிடம் ஒட்டாது. லயத்து ஆண் நாய்களைக் கண்டால் மட்டும் பாயும்; கயிறின்றி வெளியே விடவே முடியாது. பெரியவர் ஒருமுறை பிரம்பை ஓங்கினார். இரண்டு நாள் அவருக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தது. (பிரம்பைப் பற்றி நானும் என் இளமையில் தவறாகவே நினைத்திருந்தேன்.) அம்மையார் மெல்ல அழைத்தால் உடனே எழுந்து வரும்.

இப்பொழுது உரோமம் முழுவதும் வளர்ந்துவிட்டது. நாள்தோறும் விடியுமுன் பெரியவர் அதனோடு பெரட்டுக் களம் வரை நடக்கிறார். மகன் மாதம் இருமுறை வந்து பார்க்கிறான். மருந்துச் செலவு அவனுடையது.

இவ்வாண்டும் கதையைச் சொன்னேன். "பேராசிரியர் இறந்த பிறகு ஹச்சிக்கோவுக்கு யார் சார் சோறு போட்டது?" என்று ஒரு மாணவி கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் எவரும் கேளாத கேள்வி. பேராசிரியர் வீட்டில் முன்பு தோட்ட வேலை செய்தவர்தாம் அதைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார் என்றேன். அவர் பெயர் கொபயாஷி. அப்பெயரை வெண்பலகையில் பெரிதாக எழுதினேன்.