எட்டரை சென்டிமீட்டர் இடைவெளி... ருமேனியாவும் மால்டோவாவும் ஒன்றாகுமா?

மால்டோவாவின் தலைநகர் கிஷினாவிலிருந்து மாலையில் கிளம்பும் ரயில், மறுநாள் காலை ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ட் போய்ச் சேரும். ரயிலின் பெயரே 'நட்பு'. ஆனால், எல்லையில் இருக்கும் உங்கேனி என்ற ஊர் வந்ததும் அந்த நட்புக்கு ஒரு சோதனை. பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, பயணிகள் உள்ளே படுத்திருக்கும்போதே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியிலிருக்கும் சக்கரங்களை உருவிவிட்டு வேறு சக்கரங்களை மாட்டுவார்கள். மால்டோவாவின் தண்டவாள அகலம் 1,520 மில்லிமீட்டர். அது சோவியத் காலத்து அளவு. ருமேனியாவில் 1,435. வித்தியாசம் வெறும் எட்டரை சென்டிமீட்டர்தான்!

மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று ரயில் மாறி ஏறிய அனுபவம் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு உண்டு. அது ஒரே நாட்டுக்குள் இருந்த சிக்கல். இங்கே அந்த எட்டரை சென்டிமீட்டருக்குள் 200 வருட வரலாறு மாட்டிக்கொண்டிருக்கிறது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசுவது ஒரே மொழி. கொடியிலும் ஒரே நீலம், மஞ்சள், சிவப்பு. மால்டோவா கொடியின் நடுவில் மட்டும் ஒரு கழுகுச் சின்னம் உட்கார்ந்திருக்கும். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், ஏன் இரண்டு நாடுகள்?

நதிக்கு இரு கரை, பெயர் ஒன்று

உக்ரைனின் கார்பேத்திய மலையில் பிறந்து, தெற்கே டான்யூப்பில் கலக்கிறது ப்ரூட் நதி. அதில் சுமார் 680 கிலோமீட்டர் தூரம்தான் இரு நாடுகளின் எல்லை. ருமேனியப் பக்கம் இருக்கும் பெரிய நகரம் யாஷ். பல்கலைக்கழகம், பழைய தேவாலயங்கள், அரண்மனை போன்ற கலாசார மாளிகை என்று கம்பீரமான ஊர். ஒரு காலத்தில் மால்டேவியா என்ற அரசின் தலைநகர் இது. இன்றும் யாஷ்காரர்களிடம் 'நீங்கள் யார்?' என்று கேட்டால், 'மால்டோவாக்காரர்' என்றுதான் சொல்வார்கள். ருமேனியாவின் அந்தப் பகுதிக்கும் மால்டோவா என்றே பெயர். அதாவது, ஒரே பெயர் கொண்ட நிலம் ஆற்றின் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒன்று மாநிலம் போன்ற ஒரு பகுதி, இன்னொன்று தனி நாடு.

பிரிந்தது 1812-ல். ரஷ்யாவும் துருக்கியும் போட்டுக்கொண்ட சண்டையின் முடிவில், ப்ரூட்டுக்குக் கிழக்கே இருந்த பாதியை ரஷ்யா எடுத்துக்கொண்டது. அதற்கு பெசராபியா என்று பெயர் வைத்தது. மேற்கே மிச்சமிருந்த பாதி 1859-ல் வலாக்கியா என்ற பக்கத்து அரசுடன் சேர்ந்தது. அதுதான் இன்றைய ருமேனியாவுக்கு அஸ்திவாரம். எனவே, 'இரண்டு அண்டை நாடுகள் ஒன்றாகுமா?' என்ற கேள்விக்கு யாஷ் நகரம் ஏற்கெனவே ஒருமுறை 'ஆகும்' என்று பதில் சொல்லியிருக்கிறது. அந்த இணைப்பு நடந்தபோது ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்களில் பெரும்பாலானோரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஜார் மன்னரின் குடிமக்களாக இருந்தார்கள்.

அவர்களுக்கான வாய்ப்பு 1918-ல் வந்தது. ரஷ்யப் புரட்சியில் ஜார் ஆட்சி சரிந்த பிறகு, கிஷினாவில் கூடிய பெசராபியா மன்றம் ருமேனியாவுடன் சேர வாக்களித்தது. ஆதரவு 86, எதிர்ப்பு 3. வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 36 பேர். ஆட்டம் அத்தோடு முடியவில்லை. 1940 ஜூனில் ஸ்டாலின் கெடு விதித்து அந்த நிலத்தை வாங்கிக்கொண்டார். 1941-ல் ருமேனியா திரும்ப வந்தது. 1944-ல் சோவியத் படை மறுபடி வந்தது. தாத்தா ஒரே வீட்டில் இருந்தபடியே மூன்று நான்கு முறை நாடு மாறிய குடும்பங்கள் அங்கே உண்டு.

இடம் பெயர்ந்த சிலை

கிஷினாவின் நடுவில் ஒரு வெண்கலச் சிலை. உயர்த்திப் பிடித்த கையில் சிலுவை. மாபெரும் ஸ்டெஃபான் என்று கொண்டாடப்படும் 15-ம் நூற்றாண்டு மன்னர். 1928-ல் நிறுவப்பட்ட இந்தச் சிலையும் அந்தக் குடும்பங்களைப் போலவே அலைந்திருக்கிறது. 1940-ல் ருமேனியர்கள் ஊரைக் காலி செய்தபோது சிலையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது கொண்டுவந்தார்கள். 1944-ல் மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். போர் முடிந்ததும் சோவியத் அரசு அதை மீட்டு வந்து நிறுத்தியது. இரு தரப்பும் 'இவர் எங்கள் ஆள்' என்கின்றன. மன்னரின் கல்லறையோ ருமேனியாவில் இருக்கும் புட்னா மடாலயத்தில்.

சிலைக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் நடந்தால், ருமேனிய மொழியின் பெருங்கவி எமினெஸ்குவின் சிலை இருக்கிறது. அதே பூங்காவில் ரஷ்யக் கவி புஷ்கினும் இருக்கிறார். 1820 முதல் மூன்று வருடங்கள் அவரை இந்த ஊருக்குத்தான் நாடு கடத்தியிருந்தார்கள். இன்றும் கடைத்தெருவில் ருமேனிய மொழியும் ரஷ்ய மொழியும் கலந்து காதில் விழும்.

மொழிக்கும் இங்கே ஒரு பெரிய கதை இருக்கிறது. சோவியத் காலத்தில் இந்த மொழிக்கு 'மால்டோவ மொழி' என்று பெயர் சூட்டி, ரஷ்ய எழுத்தில் எழுத வைத்தார்கள். 1989 ஆகஸ்ட் 31 அன்று லத்தீன் எழுத்து திரும்பி வந்தது. அந்த நாள் இன்றும் அரசு விடுமுறை. அப்படியும் பெயர்ச் சண்டை ஓயவில்லை. 2003-ல் ஒருவர் 'மால்டோவ - ருமேனிய அகராதி' ஒன்றே வெளியிட்டார். ஒரே மொழிக்கு இரண்டு பக்க அகராதியா என்று மொழி அறிஞர்கள் சிரித்தார்கள். கடைசியில் 2023-ல்தான் மால்டோவா நாடாளுமன்றம் எல்லாச் சட்டங்களிலும் 'ருமேனிய மொழி' என்று மாற்றி எழுதியது.

பூக்கள் மிதந்த நாள்

1990 மே 6. சோவியத் யூனியன் உயிரோடு இருந்த காலம். அன்று ஒருநாள், ஆறு மணி நேரத்துக்கு மட்டும், ருமேனியாவிலிருந்து பாஸ்போர்ட், விசா இல்லாமல் ப்ரூட்டைக் கடக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் கரைக்குத் திரண்டு வந்தார்கள். ஆற்றில் பூக்களை வீசினார்கள். அரை நூற்றாண்டாகப் பார்க்காத அண்ணன், தங்கை, சித்தப்பாக்களைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டார்கள். 'பூக்களின் பாலம்' என்று அந்த நாளுக்குப் பெயர்.

மறு வருடம் ஆகஸ்ட் 27 அன்று மால்டோவா சுதந்திர நாடானது. அதை முதலில் அங்கீகரித்த நாடு ருமேனியா. 'எழுந்திரு ருமேனியனே' என்ற ருமேனியாவின் தேசிய கீதத்தையே மால்டோவாவும் 1994 வரை பாடியது. ஜெர்மனி சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. அடுத்தது இதுதான் என்று பலர் நினைத்தார்கள்.

நடக்கவில்லை. ஏன்?

நீஸ்டர் கரையில் நிற்கும் படை

முதல் காரணம், இன்னொரு ஆறு. மால்டோவாவின் கிழக்கே ஓடும் நீஸ்டருக்கு அக்கரையில் இருக்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா என்ற ஒல்லியான பகுதி, 'ருமேனியாவோடு சேர்த்துவிடுவார்கள்' என்ற பயத்தையும் காரணம் காட்டித் தனியே பிரிந்தது. 1992-ல் போர் வெடித்தது. சண்டை நின்றுவிட்டது, ஆனால் ரஷ்யப் படைகள் கிளம்பவில்லை. தனிக் கொடி, தனிக் காசு, எல்லைச் சாவடி எல்லாம் அங்கே உண்டு. உலகில் எந்த ஐ.நா. உறுப்பு நாடும் அதை நாடாக ஏற்கவில்லை. ருமேனியா நேட்டோ உறுப்பு நாடு. மால்டோவாவோ, நடுநிலை நாடு என்று தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. இணைந்தால் நேட்டோ எல்லைக்குள் ரஷ்யப் படை நிற்கும் நிலை. பக்கத்தில் உக்ரைன் எரிந்துகொண்டிருக்கும்போது இந்த யோசனையே பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது, தெற்கே இருக்கும் ககாவுசியா. துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசும் கிறிஸ்தவர்கள் இவர்கள். 1994-ல் இவர்களுக்குத் தன்னாட்சி தந்த சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. மால்டோவா சுதந்திர நாடு என்ற நிலை மாறினால், தங்கள் வழியைத் தாங்களே தீர்மானிக்க ககாவுசியர்களுக்கு உரிமை உண்டு. ஆக, ஒன்று சேரப் போய் ஒன்று உடையும் ஆபத்து.

மூன்றாவது, பழைய நினைவு. 1918-க்குப் பிறகான இணைப்பை எல்லோரும் தேன்நிலவாக நினைக்கவில்லை. புக்காரெஸ்டிலிருந்து வந்த அதிகாரிகள் தங்களை மட்டமாக நடத்தினார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது. 1941-க்குப் பிறகு ருமேனிய ராணுவ ஆட்சி, இந்த மண்ணின் யூதர்களை நீஸ்டருக்கு அப்பால் விரட்டியதில் ஏராளமானோர் மாண்டார்கள். மறுபக்கம், சோவியத் ஆட்சி ஆயிரக்கணக்கான குடும்பங்களை சைபீரியாவுக்கு ரயிலேற்றியது. கிஷினாவ் ரயில் நிலையத்துக்கு எதிரே அவர்களுக்கான நினைவுச் சின்னம் நிற்கிறது. யாரும் யாரையும் எளிதில் நம்பிவிட முடியாத மண் இது.

நான்காவது காரணம் எளிமையானது. சுதந்திரத்துக்குப் பின் பிறந்த தலைமுறை நாற்பதை நெருங்கப் போகிறது. அவர்களுக்குத் தெரிந்த நாடு மால்டோவாதான். மக்கள் தொகை சுமார் 24 லட்சம். ருமேனியாவிலோ ஒரு கோடியே 90 லட்சம். சேர்ந்தால், தலைநகர் கிஷினாவ் ஒரு மூலை மாவட்டத் தலைநகராகிவிடும் என்ற கவலை பலருக்கு இருக்கிறது. கருத்துக்கணிப்புகளிலும் மால்டோவாவில் இணைப்புக்கு ஆதரவு பொதுவாகப் பாதியைத் தொடுவதில்லை.

சுவரில் ஒன்று, சமையலறையில் ஒன்று

ஆனால் ஆசை போய்விடவில்லை. இரு நாட்டுச் சுவர்களிலும் 'பெசராபியா ருமேனியாவே' என்ற வாசகத்தைப் பார்க்கலாம். சமையலறையில் எல்லையே கிடையாது. இரு பக்கமும் மமலிகாதான் சாப்பாடு. மக்காச்சோள மாவில் கிண்டிய களி. பலகையில் கவிழ்த்து, நூலால் வெட்டி, பாலாடைக்கட்டியோடு பரிமாறுவது பழைய வழக்கம். மார்ச் 1 வந்தால் இரு பக்கமும் சிவப்பு, வெள்ளை நூல் சேர்த்து முறுக்கிய சின்ன அணிகலனைச் சட்டையில் குத்திக்கொண்டு வசந்தத்தை வரவேற்கிறார்கள்.

அரசாங்கங்களும் சத்தமில்லாமல் வேலை பார்க்கின்றன. யாஷ் நகரிலிருந்து உங்கேனி வழியாக கிஷினாவுக்கு எரிவாயுக் குழாய் வந்துவிட்டது. ரஷ்ய எரிவாயு தடுமாறியபோது ருமேனிய மின்சாரம் கை கொடுத்தது. 2022-ல் போர் தொடங்கியதும், உக்ரைனில் படித்த நம் மாணவர்களில் பலர் ருமேனியாவிலிருந்துதான் விமானம் ஏறினார்கள். மால்டோவாவுக்குள் நுழைந்தவர்களையும் பேருந்தில் ஏற்றி ப்ரூட்டைக் கடத்தி, புக்காரெஸ்ட் கொண்டுபோனார்கள். மால்டோவாவின் வான்வழி அப்போது மூடப்பட்டிருந்தது.

இப்போது மால்டோவா நம்பியிருப்பது வேறொரு வழியை. ருமேனியா 2007-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. மால்டோவாவும் சேர்ந்துவிட்டால் கொடி தனி, நாடாளுமன்றம் தனி, ஆனால் எல்லை பெயருக்குத்தான். 2024 அக்டோபரில் இதற்காகப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். 'சேரலாம்' என்றவர்கள் 50.35 சதவிகிதம். மயிரிழை வெற்றி! வெளிநாட்டில் வேலை பார்க்கும் மால்டோவர்களின் ஓட்டுதான் காப்பாற்றியது. ககாவுசியாவில் ஏறக்குறைய 95 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஐரோப்பாவோடு சேரவே இவ்வளவு இழுபறி என்றால், ருமேனியாவோடு இணையலாமா என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை யூகிக்கலாம்.

இணைப்பை விரும்புகிறவர்கள், 'பாதுகாப்புக்கு வேறு வழி ஏது?' என்கிறார்கள். சின்ன நாடு, பெரிய பகை, எத்தனை நாள் தாங்கும் என்ற அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்கிறவர்கள், 'எங்களைக் கேட்காமல் எத்தனை முறை எங்கள் நாட்டை மாற்றினார்கள், இந்த முறையாவது நாங்கள் முடிவு செய்கிறோம்' என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே மொழி பேசுவது உறவுக்குப் போதும். ஒரே நாடாவதற்கு, தயங்கி நிற்கும் பாதிப் பேரின் சம்மதமும் வேண்டும். அதை அவசரப்படுத்தி வாங்க முடியாது.

இதற்கிடையே, சாதாரண மக்கள் தங்களுக்கென ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டுவிட்டார்கள். 1940-க்கு முன் ருமேனியக் குடிமக்களாக இருந்தவர்களின் வாரிசுகளுக்கு ருமேனியா குடியுரிமை தருகிறது. லட்சக்கணக்கான மால்டோவர்கள் வாங்கிவிட்டார்கள். அதிபர் மாயா சாண்டுவிடமே இரண்டு குடியுரிமையும் இருக்கிறது. கிஷினாவிலிருந்து யாஷ் போகும் வேன்களில், ஒரே கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சகஜம். வேலை தேடிப் போக ஒன்று. வீடு திரும்ப ஒன்று.