13 வயதுப் பெண்ணின் வழக்கு

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும் நாளில், கையில் ஒரு கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைவேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். அங்கேதான் பாடம் தொடங்கும்.

1965 டிசம்பர், அயோவா மாநிலம், டெ மொயின் நகரம். வியட்நாம் போரில் மாண்டவர்களுக்காக 13 வயது மேரி பெத் டிங்கர் இப்படித்தான் பட்டி கட்டிப் பள்ளிக்குப் போனாள். பள்ளி அவளை இடைநீக்கம் செய்தது. பேச்சுரிமை அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் இருக்கிறது. அதனால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. தோல்வி. அடுத்து எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள். அப்படிப் பிரிந்தால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பே நிற்கும் என்று சொன்னதும் வகுப்பே கொந்தளிக்கும். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது. ஒரு விதியை அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை, அதன் வலியை உணர்கிறார்கள்.

உச்ச நீதிமன்றம் வந்த மனுக்களையெல்லாம் எடுக்காது, மிகச் சிலவற்றையே எடுக்கும். இதை எடுத்தது. 1969இல் 7க்கு 2 என்று மேரி பெத்தின் தரப்பு வென்றது.

94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள் என்ற கணக்கெல்லாம் அதன்பிறகு சுலபமாக மனதில் ஏறிவிடுகிறது.

குடிமையியல் நடத்தும் நண்பர்களே, நீதிமன்ற அடுக்குகளின் வரைபடத்தை அடுத்த வகுப்புக்குத் தள்ளி வையுங்கள். முதலில் அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லுங்கள்.