பொறையாற்றுத் தோட்டம்: ஒரு மாணவனுக்கு நான் சொல்லாத பதில்

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மகபூப்நகரில் ஒரு தேவாலயம், பெயர்ப் பலகையில் 'மென்னோனைட்'. "சார், இது என்ன சபை? நம்ம ஊர்ப் பக்கம் கேள்விப்பட்டதே இல்லையே?" என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு எழுதிய பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிலர் ஒன்றுகூடி, பெரியவர்களான பிறகு தாங்களே விரும்பி ஞானஸ்நானம் பெற்றார்கள். குழந்தைக்குக் கொடுப்பது செல்லாது, விவரம் தெரிந்தபின் தானே கேட்டுப் பெற வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்காகச் சிலரை ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். பின்னாளில் அந்த வழியில் வந்தவர்களை நெதர்லாந்தில் திரட்டி நடத்தியவர் மென்னோ சைமன்ஸ். அவர் பெயரால் வந்ததுதான் மென்னோனைட். ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்று இருந்தவர்கள். ரஷ்யாவில் குடியிருந்த மென்னோனைட்டுகளில் ஆபிரகாம் ஃப்ரீசன் என்பவர் 1889-ல் மனைவியோடு தெலுங்கு நாட்டுக்கு வந்தார். நல்கொண்டாவில் ஊழியம் தொடங்கினார். மகபூப்நகர் பலகையின் கதை அங்கிருந்து வருகிறது.

இதை அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கேள்வியை இன்னொரு பிள்ளை என்னிடம் கேட்டான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

அன்று டேனிஷ்காரர்கள் பாடம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றது, டேன்ஸ்போர்க் கோட்டை, 1706-ல் சீகன்பால்கு வந்தது, தமிழ் அச்சகம், 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றது என்று வழக்கம்போல் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், எங்க அம்மாச்சி ஊரு பொறையாறு. அங்க தோட்டத்துல இருந்த வெள்ளைக்காரங்க வேற, சீகன்பால்கு ஆளுங்க வேறன்னு தாத்தா சொல்லுவாரு. அவங்க யாரு சார்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பரீட்சைக்கு வராததக் கேட்டு மத்தவங்க நேரத்த வீணாக்காத, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் வேறெந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, தேடிப் படிக்க நேரம் கிடைத்தபோது, அந்தத் தாத்தா சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

அவர்கள் மொராவிய சகோதரர்கள். மென்னோனைட் அல்ல. குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். ஆனால் சிறிய சபை, எளிய வாழ்க்கை, ஆயுதம் எடுக்கத் தயக்கம், சொந்த நாட்டில் விரட்டப்பட்ட அனுபவம் என்று பல விஷயங்களில் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் என்ற பிரபு தன் நிலத்தில் இவர்களுக்கு இடம் கொடுத்தார். அந்தப் பிரபு சிறுவனாக ஹாலே நகரப் பள்ளியில் படித்தபோது, ஃபிராங்கே என்ற பெரியவரின் சாப்பாட்டு மேசையில் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். நம் கடற்கரையின் பேச்சு அங்கே ஒரு பையன் காதில் விழுந்திருக்கிறது, பாருங்கள்.

டேனிஷ் அரசு நிக்கோபார் தீவுகளில் குடியேற ஆள் தேடியது. மொராவியர்கள் ஒப்புக்கொண்டார்கள். 14 பேர் 1760 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அந்த மே மாதமே சின்சென்டார்ஃப் இறந்துவிட்டார். கப்பலில் வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஏற்கெனவே அங்கிருந்த லுத்தரன் மிஷனரிகளுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இவர்கள் ஊருக்கு வெளியே பொறையாற்றுப் பக்கம் நிலம் வாங்கி, வீடு கட்டி, தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். 'சகோதரர் தோட்டம்' என்று அதற்குப் பெயர். பிரசங்கியார் என்று தனியாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் அவர்களிடம் கிடையாது. கையால் உழைத்தால்தான் சோறு.

1768-ல் ஆறு பேர் நிக்கோபாரின் நான்கவுரித் தீவுக்குப் போனார்கள். காடு, மழை, விஷக்காய்ச்சல். தீவு மக்களின் மொழியும் சரியாகக் கைவரவில்லை. ஒருவர் இறந்தால் தோட்டத்திலிருந்து இன்னொருவர் போனார். இப்படி 19 வருஷம். 1787-ல் கைவிட்டுத் திரும்பினார்கள். அங்கே இருந்து மீண்டவர்களில் ஹென்சல் என்பவர் எழுதிய கடிதங்கள் 1812-ல் லண்டனில் புத்தகமாக வந்தன. தீவில் புதைக்கப்பட்ட மிஷனரிகள் 11 பேர், திரும்பி வந்ததும் தரங்கம்பாடியில் இறந்தவர்கள் 13 பேர் என்று அவர் கணக்குச் சொல்கிறார். சபையில் சேர்ந்த தீவுவாசி ஒருவர்கூட இல்லை.

பொறையாற்றிலும் சபை பெருகவில்லை. 1803-ல் எல்லாம் முடிந்தது. 43 வருஷம். அவர்களில் ஒருவராக வந்த பெஞ்சமின் ஹெய்ன் பிற்பாடு கம்பெனியின் தாவரவியல் அறிஞராகி, பெங்களூர் லால்பாக் தோட்டத்தையும் கவனித்தார். மற்றவர்கள் மண்ணோடு போனார்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நடந்தது ஒன்று உண்டு. 1890-களில் வேதப்பன் சாலமன் என்ற தமிழர் கார் நிக்கோபாருக்குப் போய், கொஞ்சம் பையன்களை வைத்துப் பள்ளி நடத்தினார். அந்தப் பையன்களில் ஒருவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர், பிஷப் ஆனவர், 1952-ல் பாராளுமன்றத்துக்கும் போனவர். மொராவியர் செய்த வேலையின் பலன் இது என்று சொல்ல மாட்டேன். சபையும் வேறு, தீவும் வேறு. ஆனாலும் வாத்தியார் என்பதால் அந்தக் கொஞ்சம் பையன்களை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

நான் பணியில் இருந்தபோது தேர்ச்சி சதவிகிதத்தைத்தான் பார்த்தேன். வரலாற்றையும் அப்படித்தான் நடத்தினேன். அச்சகம் வைத்தவர், கோட்டை கட்டியவர், ஜெயித்தவர். மொராவியருக்கு என் கரும்பலகையில் ஒரு வரிகூட இல்லை. கேட்ட பிள்ளையையும் உட்கார வைத்தேன்.

போன மாதம் போலகத்திலிருந்து பஸ் ஏறி, காரைக்காலில் மாறி, நண்டலாறு தாண்டிப் பொறையாற்றில் இறங்கினேன். டீக்கடையில் விசாரித்தேன். தம்பி ஒருவர் அன்போடு தரங்கம்பாடி சீகன்பால்கு சிலைக்கு வழி சொன்னார். சிரித்துக்கொண்டேன். முப்பது வருஷம் நான் பாடம் நடத்தியதும் அப்படித்தானே.

2004 டிசம்பர் 26 அன்று நிக்கோபாரை அடித்த அதே அலைதான் நம் காரைக்கால் கரையையும் அடித்தது. அந்தத் தீவு எவ்வளவு பக்கம் என்று நமக்கு அன்றுதான் உறைத்தது. பொறையாற்றுத் தோட்டத்துக்காரர்களுக்கு 1768-லேயே தெரிந்திருக்கிறது.

கடைசி பெஞ்சுத் தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்குத் தெரியும். உன் தாத்தா சொன்னது உண்மை. உன் கேள்வி நல்ல கேள்வி. அன்று சாருக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். மன்னித்துக்கொள். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஒரு நாள் வா. தாத்தா வேறென்ன சொன்னார் என்று நான் கேட்க வேண்டும்.